மடிப்பு வாசிக்க நெருப்பு வேண்டும்

தமிழ்நாட்டுக் கல்யாணப் பெண்களில் பாதிப் பேரின் முகூர்த்தப் புடவையை அவர்களுக்கு முன்பே தொட்டவன் எங்கள் மடிப்பு. அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. இதில் கொஞ்சம் மிகை உண்டுதான். ஆனால் ஆரணியில் அவனோடு ஒரே பட்டுக் கடையில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நான் புடவையைப் பிரித்துக் காட்டிப் பேசி விற்பவன்; அவன், நான் பிரித்ததை மடிப்பவன்; அதனால் எங்களுக்கு அவன் மடிப்பு. ஒரு புடவை எடுக்க வருகிறவர்கள் அறுபது புடவையைப் பிரிக்கச் சொல்வார்கள். நான் அறுபதாவதைப் பிரிக்கும்போது அவன் ஐம்பத்தொன்பதாவதை மடித்து முடித்திருப்பான்.

அவனும் விற்பனைக்கென்று சேர்ந்தவன்தான். முதல் நாளே ஒரு அம்மா மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, இந்தக் கலர் எனக்கு எடுக்குதா?" என்று கேட்டார். இவன் பாயைப் பார்த்தபடி, "தெரியலைங்க. நான் உங்களைப் பாக்கலைங்க" என்றான். முதலாளி அன்று மாலையே அவனை மடிக்க உட்கார வைத்துவிட்டார்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் கடைக்கு இரண்டு நாள் விடுமுறை. நாங்கள் ஆறு பேர் மூன்று வண்டிகளில் ஜவ்வாது மலைக்குக் கிளம்புவோம். அங்கே கூடாரம் வாடகைக்கு விடுகிற தோப்பு ஒன்று உண்டு. விறகும் அவர்களே கொடுப்பார்கள். முதல் வருடம் மடிப்பு, ஜமக்காளத்தில் தைத்த உறையில் எதையோ முதுகில் சுமந்து வந்தான். தலையணை என்று நினைத்தோம். பிரித்தால் கிட்டார். வேலூரில் விடுதியைக் காலி செய்த எவனோ கொடுத்தானாம். மொபைலைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். தோளில் மாட்டும் வாருக்குப் பதிலாக அரக்குச் சரிகைக் கரை ஒன்றைத் தைத்திருந்தான். கிட்டார் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது.

"வாசிடா, கேப்போம்" என்றேன்.

"நெருப்பு பத்தட்டும்ணா" என்றான்.

நெருப்பு பற்றியது. வாசித்தான். நாங்கள் ஆளுக்கொரு சுருதியில் கத்தினோம். அவன் ஒவ்வொருவனையும் துரத்திப் பிடித்துப் பாட்டுக்குள் கொண்டுவந்து விட்டான். வரி மறந்து நாங்கள் முழித்த இடங்களைக் கம்பியாலேயே நிரப்பினான். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கே வெட்கமாகிப் பாடுவதை நிறுத்திவிட்டு, நெருப்பைப் பார்த்தபடி சும்மா கேட்டோம். கனலில் போட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கரியாகிவிட்டது. ஒருவனும் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்திருந்த மாலைகள் ரொம்பக் குறைவு.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த வருடம் ஆயுதபூஜைக்குக் கடையில் மடிப்பின் கச்சேரி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஜமக்காளம் விரித்து, ஊழியர் குடும்பங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. மடிப்பு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தான். முதலாளி பதறிப்போய், "கரண்டு வரலையா? யார்னா ஜல்தியா ஜெனரேட்டரைப் போடுங்கப்பா" என்றார். ஜெனரேட்டரும் ஓடியது. அந்தக் கிட்டாருக்குக் கரண்டே வேண்டாம் என்று அவருக்கு விளக்குவதற்குள், மடிப்பு தான் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகுதான் புரிந்தது. நெருப்பு இல்லாமல் அவன் வாசிக்கமாட்டான். ஒரு வருடம் மலையில் விறகெல்லாம் நனைந்துவிட்டது. நான் இரண்டு மணி நேரம் ஊதி, ஒரு பக்கப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட பிறகுதான் ஒரு பாட்டு கிடைத்தது. அடுத்த முறை புத்திசாலித்தனமாக, மொபைலில் நெருப்பு எரிகிற வீடியோவைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சார்ஜ் வீணாப் போவுதுணா" என்றான்.

இதற்கிடையில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். ஏழு வீடுகள். ஏழிலும் அவன் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைத்தான் பார்த்தான். ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா, புடவையைக் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்ததாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மடிப்பு அன்று வாயைத் திறந்தான். "இல்லீங்க, இது எங்க கடைதுங்க. ஆடித் தள்ளுபடில போச்சு. மடிப்பு என்னுது." அந்த வீட்டில் காபிகூட வரவில்லை.

எட்டாவது பெண் என் சித்தி மகள் செல்வி. தேவிகாபுரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலையில் நான் எடுத்த வீடியோவை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அதில் நெருப்பும் இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். அவள் போன் செய்தாள். "யாருணா அது? நாலு தபா கேட்டுட்டேன்." சித்தப்பாவிடம் பேசினேன். நேரில் வாசித்துக் காட்டட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள் செல்வி.

தேவிகாபுரம் போகும் வழியெல்லாம் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கிட்டார் உறையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான். ஊர் எல்லையில், "இதுவும் போச்சுன்னா இனிமே பாக்கவேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்" என்றான். பிறகு, "அவங்க நெசமாவே நாலு தபா கேட்டாங்களாணா?" என்றான். அப்போதுதான் இந்த முறை அவனுக்கும் ஆசை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கேசரி, பஜ்ஜி ஆயிற்று. பஸ்ஸில் வந்து சேர்ந்த அவன் அம்மா, சித்தப்பா, சித்தி, செல்வி எல்லாரும் ஹாலில் காத்திருந்தார்கள். மடிப்பு கிட்டாரை எடுத்தான். கை கம்பியில் இருந்தது, சத்தம் வரவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. நான் எழுந்தேன். "சித்தப்பா, எல்லாரும் பின்கட்டுக்கு வாங்க. கொஞ்சம் விறகு வேணும்."

"பட்டப்பகல்ல எதுக்குடா விறகு?" என்றார் சித்தி.

"குளிர் காயறதுக்கு."

சித்திரை மாதம். பாதி ஊர் விசிறியும் கையுமாகக் கிடக்கிறது. தோட்டத்தில் நெருப்பை மூட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்கார வைத்தேன். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காரியம் பேச வந்துட்டு இன்னாடா பண்ணிகினு இருக்கீங்க? ஒரே பேஜாரா கீது" என்றார். அப்போதும் மடிப்பு வாசிக்கவில்லை. அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று அவரே சொன்னார்.

எட்டாவதும் கைவிட்டுப் போகிறது என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் மடிப்பு பேசினான். செல்வியின் புடவைக் கரையைப் பார்த்தபடிதான் பேசினான்.

"மலையில ராத்திரிங்க. நெருப்பு இருந்தா எல்லாரும் அதையே பாத்துகினு இருப்பாங்க. என்னை யாரும் பாக்கமாட்டாங்க. அதனால வாசிச்சுடுவேன். இங்க வெயில்ல நெருப்பு எடுபடலைங்க. எல்லாரும் என்னையே பாக்கறீங்க. மன்னிச்சுக்குங்க."

ஒன்பது வருடத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை.

செல்வி, "அவ்ளோதானா?" என்றாள். எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "அப்பா, நீங்களும் திரும்புங்க."

"நான் எதுக்கும்மா?"

"திரும்புங்கப்பா."

சித்தப்பா கிணற்றைப் பார்க்கத் திரும்பினார். சித்தி மாட்டைப் பார்க்க. அவன் அம்மா மதில் சுவரைப் பார்க்க. எனக்கு முருங்கை மரம் வந்தது. பாடம் படிக்காத பிள்ளைகளை வாத்தியார் திருப்பி உட்கார வைத்த மாதிரி இருந்தோம். பின்னால் நெருப்பு முதுகைச் சுட்டது.

முதல் சத்தம் பிசகியது. இரண்டாவதும் பிசகியது. அப்புறம் வந்தது பாருங்கள், மலையில்கூட அவன் அப்படி வாசித்ததில்லை. மெதுவாக, யாருக்கோ ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல வாசித்தான். சித்தப்பா வாயோரமாக, "இப்போ திரும்பலாமா?" என்று என்னைக் கேட்டார். "அப்பா, சும்மா இருங்க" என்றாள் செல்வி.

பாட்டு நடுவில் ஒரு இடத்தில், வாசிப்பதை நிறுத்தாமலே மடிப்பு சொன்னான். "நீங்க மட்டும் வேணும்னா திரும்பலாங்க."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்றுதான். வாசிப்பு நிற்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் புடவையை மடித்துக் கொடுத்தவன் மாப்பிள்ளையே. அவளுக்கு மாற்றலாகி, இப்போது இரண்டு பேரும் வந்தவாசியில் இருக்கிறார்கள். அவள் மட்டும் இருக்கும்போது நெருப்பில்லாமலே வாசிக்கிறானாம். நான் போனால் கிட்டார் உறைக்குள் போய்விடுகிறது. "வாசிக்கும்போது அவன் மொகம் எப்பிடிம்மா இருக்கும்?" என்று போன மாதம் செல்வியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அது உனக்கு எதுக்குணா?" என்றாள்.

நியாயம்தான். ஆனாலும் அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், ஒரு தரம் நான் நெருப்பை விட்டுக் கண்ணை எடுத்து அவனைப் பார்க்கவில்லையே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.