ஆனந்தமேரியின் தலையில் பிடித்த துரு

திண்டுக்கல்,
18.5.2004

மரியாதைக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் ஆரோக்கியதாஸ் எழுதிக்கொண்டது.

இங்கு நான் சுகம். என் மனைவியும் மகள் வினோலியாவும் ரெட்டியார்சத்திரத்தில் உங்கள் வீட்டில் இருப்பதால், அவர்கள் சுகத்தை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். ஆனந்தமேரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதற்கு நானே காரணம் என்று அங்கே பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பிவைக்கவும்.

ஒற்றைத் தலைவலி அவளுக்குப் புதிதல்ல. வந்துவிட்டால் இடது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு இருட்டறைக்குள் உட்கார்ந்துவிடுவாள். வாந்தி வேறு. நான் செருப்பைக் கழற்றும் சத்தம்கூட அப்போது அவளுக்கு இடி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் வினோலியாவையும் அழைத்துக்கொண்டு மூவருமாக நரம்பு டாக்டரிடம் போனோம். பொறுமையான மனிதர். நான் பூட்டு, கீல், தாழ்ப்பாள் வியாபாரி என்று தெரிந்ததும் எனக்குப் புரியும்படியே பேசினார்.

"நாம இழுக்கிற காத்தை வச்சுத்தான் மூளை செல்லு சக்தி எடுக்குது. அப்ப கொஞ்சம் கழிவும் உண்டாகும். இரும்புல துரு மாதிரின்னு வச்சுக்கங்க. ஒடம்பே அதைத் தொடச்சு எடுத்துரும். எடுக்க மாட்டாம சேந்துருச்சுன்னா நரம்புக்கு எரிச்சலாகி, மூளையைச் சுத்தி இருக்க உறையில அழற்சி வருது. இந்த வலிக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆராய்ச்சி இன்னும் நடக்குது" என்றார்.

கடை வைத்த நாளிலிருந்து துருவோடு மல்லுக்கட்டுகிறவனிடம் இதைச் சொல்லலாமா, மச்சான்? எனக்குப் பெரிய நிம்மதியாகிவிட்டது. இனி இது என் துறை என்று முடிவு செய்தேன்.

துருவுக்குத் தண்ணீர் ஆகாது, காற்று ஆகாது, எண்ணெய் வேண்டும் என்பது கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் சொல்வதுதான், ஆகவே தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லி, சன்னல்களை எல்லாம் சாத்தி, உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, கீல் சுற்றி வருகிற மெழுகுத்தாளைத் தலையைச் சுற்றிக் கட்டினேன். நல்லெண்ணெய்தான், மச்சான். மெஷின் எண்ணெய் என்று வினோலியா சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அதைக் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. கத்திரி வெயில், சாத்திய அறை, எண்ணெய் நெடி எல்லாம் சேர்ந்து வலி இரண்டு பங்கானது. கடையில் வேலை பார்க்கும் நல்லுசாமி, "அண்ணே, உள்ள புடிச்ச துருவுக்கு மேல பூசி என்ன செய்ய? புளியைக் கரைச்சு ஊத்துனாத்தான பித்தளையே பளபளங்குது" என்றார். நியாயமாகப் பட்டதால் ஒரு செம்பு புளித்தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்தாள் என்பதை இங்கே தெரிவிக்கிறேன். உள்ளே தங்கவில்லை என்பதையும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவின் அன்பிய ஜெபக்கூட்டத்துப் பெண்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். இருட்டறை, மெழுகுத்தாள் கட்டிய தலை, அசையாத உடம்பு. விசாரிக்க வந்தவர்கள் மரண அவஸ்தை ஜெபத்தையே தொடங்கிவிட்டார்கள், மூன்று பேர் மூன்று சுருதியில். நாலாவது ஆள் ஃபாதரைக் கூட்டிவர ஓடினார். ஆனந்தமேரி மெல்ல எழுந்து உட்கார்ந்து, "சாகலக்கா, செத்த சத்தத்தைக் கொறைங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்தா பாருங்க, நான் பூட்டு இல்ல. எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அவ்வளவுதான். மெழுகுத்தாளை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அம்புட்டு வலியிலும் கடைச் சரக்கை வீணாக்கவில்லை.

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்குச் சோறு வடிக்க வருகிறது, வெஞ்சனம் வைக்க வரவில்லை. சன்னல்களைத் திறந்துவிட்டேன். இனி டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும்தான், துருவைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. ஆகையால் கட்டாயம் அனுப்பவும்.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் வீட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் குறை வைக்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
ஆரோக்கியதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வினோலியா போன் செய்தாள். அங்கே வந்ததிலிருந்து அவள் அம்மாவுக்குத் தலைவலியே வரவில்லையாம். மாத்திரை வேலை செய்கிறதா என்றேன். "மாத்திரைய அம்மா அங்கயே மறந்துட்டு வந்துருச்சுப்பா. இங்க அத்தை பன்னெண்டு மணிக்கெல்லாம் சோத்தைப் போட்டு உக்கார வச்சிர்றாக. நம்ம வீட்ல நீங்க கடையடைச்சு வார வரைக்கும் அம்மா பட்டினியாவுல்ல கெடக்கும்? பட்டினி கெடந்தா இந்த வலி வரும்னு டாக்டரும் சொன்னாருல்ல. நீங்க துருவுலயே நின்னுட்டீங்க" என்றாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவளை அனுப்பவும் வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும் நானே வருகிறேன். பஸ் கிடைக்காமல் தாமதமானால், மச்சான், எனக்காக அவளைக் காக்க வைக்காதீர்கள். முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள்.