'காட்டுமாடு' ஆல்பமும் நான் சொன்ன ஒரே நிறையும்

பொறாமைப்பட்டதை யாரும் தானாக ஒத்துக்கொள்வதில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு மண்டபமே நேரில் பார்த்துவிட்டதால் வேறு வழியும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கொடைக்கானலில் மெட்டல் இசை என்றால் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (வேறு யாரும் நம்பவில்லை.) எங்கள் குழுவுக்குப் பெயர் இருந்தது, மண்டையோடு போட்ட டீ-ஷர்ட் இருந்தது. நான்கு வருடமாகப் பாட்டு மட்டும் இல்லை. அப்போதுதான் பக்கத்து ஊரான பள்ளங்கியைச் சேர்ந்த ஆரோக்கியம் தன் குழுவின் முதல் சிடியோடு வந்து நின்றான். கேரட் விவசாயி மகன். கிதாரை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

"அண்ணே, த்ராஷ் மெட்டல் ஆல்பம். பேரு 'காட்டுமாடு'. ஞாயித்துக்கெழம செண்பகனூர் மண்டபத்துல வெளியிடுறோம். நிறை குறை நீங்கதான் பேசணும். உள்ளதச் சொல்லுங்க."

த்ராஷ் மெட்டல் தெரியாதவர்களுக்கு: ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓடும், கிதார் மரம் அறுக்கும், பாடுகிறவர் டவுன் பஸ்ஸில் கால் மிதிபட்டவர் மாதிரி கத்துவார். இதை மோசமாகவும் செய்யலாம், நன்றாகவும் செய்யலாம். பாவிகள் நன்றாகச் செய்திருந்தார்கள்.

நான்கு முறை கேட்டேன். தோட்டத்துக்குள் காட்டுமாடு புகுந்ததைப் பற்றிய மூன்றாவது பாட்டில் ஆரோக்கியம் வாசித்த இடத்தில் கை மயிர் நட்டுக்கொண்டது. குளிர் என்று சொல்லி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் குறைகளை எழுத ஆரம்பித்தேன். ட்ரம்ஸ் சத்தத்தில் பாட்டுக்காரன் குரல் அமுங்கிப்போகிறது. (உண்மை.) நான்காவதும் ஐந்தாவதும் ஒரே பாட்டு போல இருக்கின்றன. (பாதி உண்மை.) கடைசிப் பாட்டு கரண்ட் போனது மாதிரி நிற்கிறது. (அது அழகாகவே இருந்தது.) எழுதி எழுதித் தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நிறை என்று ஒன்றாவது வேண்டுமே? ஆரோக்கியத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. முதல் பாட்டு தொடங்குமுன் அரை நிமிடம் வெறும் ட்ரம்ஸ் போல ஒரு தடதடப்பு வரும். அதில் கிதார் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் மைக்கைப் பிடித்து முன்பக்கக் குறைகளை மூச்சு விடாமல் வாசித்தேன். இரண்டாவது வரிசையில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். முடிவில் பெருந்தன்மையாக, "ஆனால் அந்த ஆரம்ப ட்ரம்ஸ்! அதில்தான் உயிர் இருக்கிறது. இந்தக் குழுவில் இசை தெரிந்தவர் அதை வாசித்தவர் ஒருவர்தான். அவர் எழுந்து நிற்கட்டும்!" என்றேன்.

யாரும் எழவில்லை. ட்ரம்ஸ் பையன் ஆரோக்கியத்தைப் பார்த்தான். ஆரோக்கியம் தரையைப் பார்த்தான். கடைசி வரிசையிலிருந்து அவன் அப்பா மெதுவாக எழுந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அது நம்ம கேரட்டு கழுவுற மிஷினுங்க. போல்டு லூசாக் கெடக்கு, அதான் அப்பிடிச் சத்தம். மாத்தணும்னு இருந்தேன். நீங்க இம்புட்டுச் சொன்னப்பறம் மாத்த மாட்டேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு யாருக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை, மிஷினைத் தவிர.

ஆரோக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. டீயோடு வந்து, "அண்ணே, பின்பக்கத்தையும் குடுங்க. அடுத்ததுல சரி பண்ணிக்கிடுறோம்" என்று தாளை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு என் மகள் கிதார் கற்றுக்கொள்வது அவனிடம்தான். போன வாரம் முதல் முறையாக ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டு, "எப்படிப்பா?" என்றாள். அந்த வயதில் எனக்கு வராத விரல் அவளுக்கு வந்திருந்தது.

"கிதார் உறை நல்லா இருக்கு" என்றேன்.

அவள் முகம் வாடியது. அடுப்படியிலிருந்து மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏட்டி, உங்கப்பா மிஷினப் பாராட்டுறாரு. அப்பிடின்னா நீ ரொம்ப நல்லா வாசிச்சிருக்கேன்னு அர்த்தம்."