தேங்காய்க்காரர் கேட்ட விளம்பரம்

மல்லாங்கிணறு பக்கம் ஒரு தேங்காய் எழுந்து நின்றது. செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் அது நடக்கவே ஆரம்பித்திருந்தது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் தானே உருண்டுபோய்க் குடுமியால் தட்டிக் காட்டியதாக, காரியாபட்டி பஸ்ஸில் வந்தவர்கள் சத்தியம் செய்தார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்திருந்தார்கள்.

அந்தத் தேங்காயின் சொந்தக்காரர் ‘நீரோட்டச் சக்கரவர்த்தி’ காளிராஜ். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடும் இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே போர் போட வேண்டியதுதான். தண்ணீர் வந்தால் அவருடைய கைராசி. வராவிட்டால் போர் போட்ட வீட்டில் யாருக்கோ தீட்டு. எழுநூறு அடி போட்டாலும் புழுதி பறக்கிற பூமி இது. கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

அவர் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ‘கருவேலங்காட்டுச் சேதி’ என்ற வலைப்பூவை எழுதுவது நான்தான் என்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாள் சித்தி. ஆகவே ஊருக்கே தெரியும்.

“தாயி, நீ எழுதுறத கல்ஃபுல இருக்கவுக வரைக்கும் படிக்காகளாம்ல? நம்ம படத்தப் போட்டு, ‘நூத்துக்கு நூறு தண்ணி’ன்னு ஒரு வரி எழுதிரு. மாசம் மூவாயிரம் தாரேன்.”

மூவாயிரம்! என் போனின் திரை நான்காக உடைந்திருந்தது. கீழ்வரிசை எழுத்துகளை அழுத்தினால் ஒன்றும் விழாது. யோசித்தேன். விளம்பரம்தானே? சொல்வது அவர், நான் இல்லை. டீக்கடைச் சுவரில்கூட அவர் படம் ஒட்டியிருக்கிறது. சுவரை யாராவது திட்டினார்களா?

அதற்குள், பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுந்தராம்பாள் சித்தி முந்திக்கொண்டாள்.

“ஏடி, உன் இதுல இவுகளப் போடப்போறியா? அப்பச் சரி. நாளைக்கே போர் வண்டிக்குச் சொல்லிப்புடுறேன். மாடு ரெண்டையும் வித்த காசு அதுக்குத்தான் இருக்கு. நீ போட்டா நம்பலாம்.”

சுவரை யாரும் நம்புவதில்லை. என்னை ஒருத்தி நம்பினாள், இரண்டு மாடுகளோடு.

நான் வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: ‘பொருளைச் சோதித்துப் பார்த்த பிறகே விளம்பரம் போடுவது இந்த வலைப்பூவின் வழக்கம்.’ வழக்கத்துக்கு வயது இரண்டு நிமிடம்.

“தாராளமா!” என்றார் சக்கரவர்த்தி.

மறுநாள் காலை சித்தியின் நிலத்தில் ஊரே கூடிவிட்டது. சக்கரவர்த்தி நடந்தார். வேப்பமரத்துக்கு அருகில் தேங்காய் எழுந்து நின்றது. குலவை பறந்தது. அவர் அங்கே ஒரு கல்லை நட்டார். நான் இரண்டாவது தாளைச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தாள்.

“கண்ணக் கட்டிக்கிட்டு அதே எடத்தத் திரும்பக் காட்டணுமாம்!”

“கண்ணுக்கும் தேங்காய்க்கும் என்னம்மா சம்பந்தம்?” சக்கரவர்த்தி சிரித்தார்.

“சம்பந்தமில்லேல்ல? அப்பக் கட்டிக்கிடுங்க,” என்றாள் சித்தி.

கூட்டமே தலையாட்டிவிட்டது. அவருடைய மஞ்சள் துண்டாலேயே கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டோம். முதல் நடையில் நட்ட கல்லைத் தாண்டியே போனார். தேங்காய் நல்ல தூக்கத்தில் இருந்தது. வேலி ஓரத்தில்தான் அதற்கு விழிப்பு வந்தது. இரண்டாம் நடையில் களத்துமேட்டில் எழுந்தது. மூன்றாம் நடையில் ஒரு பலகைக் கல்லின் மேல் நின்றார். தேங்காய் விறைப்பாக எழுந்தது. குலவைக்குக் குவிந்த வாய்கள் அப்படியே நின்றுவிட்டன.

“கெடச்சிருச்சா? எங்க நிக்கேன்?”

“போன வருசம் அறுநூத்தம்பது அடிக்குப் புழுதி மட்டும் வந்துச்சுல்ல, அந்தப் போரு மேல நிக்கீக,” என்றாள் சித்தி.

சக்கரவர்த்தி துண்டை அவிழ்த்தார். “கண்ணக் கட்டுனா கங்காதேவி கோவிச்சுக்கிருவா.”

நேற்றுவரை அவருக்குக் குடை பிடித்த எங்கள் ஊர் அழகுராஜா, சந்தேகத்தோடு தேங்காயை வாங்கித் தன் கையில் படுக்க வைத்தார். விரல் நுனியை லேசாக இறக்கினார். தேங்காய் எழுந்து நின்றது. “ஏலே, எனக்கும் நிக்கிதுடா!” அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார்கள். அன்று எங்கள் ஊரில் நீரோட்டம் இல்லாத உள்ளங்கையே இல்லை.

பாளையம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சக்கரவர்த்தி கிளம்பினார். தேங்காயைக் கேட்கக்கூட இல்லை. சித்தி அதைப் பலகைக் கல்லில் ஓங்கி உடைத்தாள். சளசளவென்று வழிந்தது.

“பரவாயில்ல, சொன்ன மாதிரி தண்ணி காட்டிட்டாரு,” என்றாள்.

போர் வண்டிக்கு அவள் சொல்லவில்லை. அடுத்த சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கினாள். என் போன் இன்னும் நான்காகத்தான் உடைந்திருக்கிறது. இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது.

மூவாயிரம் ரூபாய்ப் படம் வந்திருக்க வேண்டிய இடத்தில் இதைக் காசில்லாமல் போடுகிறேன்: தேங்காய் எழுந்து நிற்பதைப் பார்த்தது போதும். நீங்களும் ஒரு தடவை எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிப்பதற்கு எங்கள் சித்தி வருவாள்.