ஆறுச்சாமியின் இங்கிலீஷ்

ஒரே ஒரு ஃபேக்ஸ்தான் ஆறுச்சாமியைக் கெடுத்தது.

அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவர் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் சூப்பர்வைசர், அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசியில், கட்டி முடித்த பெட்டிகள் லாரிக்குக் காத்திருந்த சமயத்தில், ஜெர்மனிக்காரனிடமிருந்து தாள் வந்தது. ஷிப்மெண்டை 'ஹோல்டு' பண்ணச் சொல்லி இருந்தது. ஆர்டர் போயிற்று என்று ஆபீஸே தலையில் கை வைத்தது. பெட்டிகளைப் பிரித்து உள்ளூர் வியாபாரிக்குத் தள்ளிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆறுச்சாமி குறுக்கே வந்தார்.

"ஹோல்டுன்னா நிறுத்தி வைக்கறதுங்க. கேன்சல்னாத்தான் வேண்டாங்கறது."

போன் போட்டுக் கேட்டார்கள். கப்பல் மாறுகிறதாம், அவ்வளவுதான். முதலாளி எல்லோர் முன்னாலும் அவரைத் தட்டிக் கொடுத்தார். தட்டியது முதுகில். ஏறியது தலையில்.

அன்றிலிருந்து இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒன்றாகப் பார்த்தால் ஆறுச்சாமிக்குப் பிரித்து வைக்காமல் இருக்க முடியவில்லை. டீக்கடையில் வெயிட் பண்ணுவதற்கும் எக்ஸ்பெக்ட் பண்ணுவதற்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்ததில் டீ ஆறிப்போயிற்று. முடி வெட்டுகிறவரிடம் ட்ரிம் வேறு, கட் வேறு என்று விளக்கினார். அவர் கத்தரியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது ஆறுச்சாமியின் தலையில் ஒரு பக்கம் ட்ரிம், மறு பக்கம் கட்.

வீட்டில்தான் பாடம் அதிகம். மனைவி வேலாத்தாள் எட்டாவதோடு நின்றவள். எது சொன்னாலும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு, "ஏனுங்க, பாலைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பால் பொங்கி, ஸ்டவ் அணைந்து, தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பாக்கச் சொன்னனுங்களே."

"பாத்தேன். நான் பண்ணுனது சீ. நீ எதிர்பாத்தது வாட்ச். சீன்னா கண்ணுல படறது. வாட்ச்னா கண்ணை எடுக்காம இருக்கறது. எது வேணும்னு தெளிவாச் சொல்லோணும் புள்ள."

வேலாத்தாள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

இன்னொரு நாள் புளி வாங்கிவரச் சொன்னாள். வெறுங்கையோடு வந்தார்.

"காத்தால சொன்னனுங்களே, கேக்கலீங்களா?"

"கேட்டுது. அது ஹியர். சத்தம் காதுல உழுகறது. மனசுல வாங்கிக்கிட்டாத்தான் லிசன். நீ சொன்னது எனக்கு ஹியர் ஆச்சு, லிசன் ஆகல."

"நம்ம பேச்சுல ரெண்டுக்கும் கேக்கறதுதானுங்களே?"

"தமிழ்ல இருக்கற தொந்தரவே அதுதான்" என்றார் ஆறுச்சாமி, பெருந்தன்மையோடு.

அன்று ரசத்துக்குப் புளி இல்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கார்த்திகையில் வேலாத்தாள் ஒரு விஷயம் ஆரம்பித்தாள். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு ஆள் எடுக்கிறார்களாம். தானும் போனால் என்ன?

ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. சூப்பர்வைசர் சம்சாரம் டேபிளில் நின்று பனியனைப் புரட்டினால், நாளைக்கு லோடு ஏற்றுகிறவன் தன்னை மதிப்பானா?

"அதெல்லாம் வேண்டாம் புள்ள."

"ஊட்டுல சும்மா இருந்து என்ற கையே மரத்துப்போச்சுங்க. நம்ம லைன் ஊட்டுல எல்லாப் பொம்பளைகளும் போறாங்கோ."

"எல்லாரும் போகட்டும். நீ போகக் கூடாது. இதுதான் என்ற முடிவு. கேட்டுதா?"

வேலாத்தாள் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். "கேட்டுதுங்க" என்றாள்.

ஆறுச்சாமி நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, பேக்கிங்குக்குப் பீஸ் வரவில்லையே என்று அவர் செக்கிங் பக்கம் போனார். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒரு பெண் பனியனை உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை தெரிந்த சேலையாக இருந்தது. கிட்டப் போனால் வேலாத்தாள்.

அவளைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டார். குரலை இறக்கிக்கொண்டார்.

"போகக் கூடாதுன்னு சொன்னேன். கேட்டுதுன்னியே?"

"கேட்டுதுங்க. ஹியர் ஆச்சுங்க."

டேபிள் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று ஆறுச்சாமி திரும்பினார்.

"அப்பறம் முதலாளிகிட்டயும் போயிக் கேட்டனுங்க. அது ஹியரும் இல்லீங்க, லிசனும் இல்லீங்க. வேலை வேணும்னு போயிக் கேக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

வேண்டாம் என்று மனசு தடுத்தது. வாய் முந்திக்கொண்டது.

"ஆஸ்க்."

"அதுதானுங்க பண்ணுனேன்."

அதற்குள் முதலாளியே அந்தப் பக்கம் வந்துவிட்டார். "என்ன ஆறுச்சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. உங்க ஊட்டம்மான்னதும் மறுபேச்சு இல்லாமச் சேத்துட்டேன். நல்ல கண்ணு அவங்களுக்கு. வந்ததும் பத்து டேமேஜ் எடுத்து வெச்சுட்டாங்க. உங்களுக்குச் சந்தோசந்தானுங்களே?"

ஹேப்பி என்பது வேறு, சாடிஸ்ஃபைடு என்பது வேறு என்று ஆறுச்சாமிக்குத் தோன்றியது. இரண்டில் எதுவும் தன்னிடம் இல்லை என்றும் தோன்றியது.

"ரொம்பச் சந்தோசமுங்க."

மத்தியானமெல்லாம் பேக்கிங்கில் உட்கார்ந்து யோசித்தார். சத்தம் போட்டால் கம்பெனி சிரிக்கும். முதலாளியிடம் வேண்டாம் என்றால், அனுப்பியது நீங்கள் இல்லையா என்பார். வீட்டுக்குப் போய், சாவகாசமாக, அதட்டிக் கேட்பது என்று முடிவு செய்தார். அதட்டுவது வேறு, திட்டுவது வேறு. முதலில் அதட்டல்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவள், சாவியை எடுத்துக் கொடுத்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

"பிள்ளை எங்க வீட்ல விளையாடுதுண்ணே. அக்காவுக்கு ஓவர்டைமாம், வர ஒம்பதாகும்னாக. அரிசியும் உளுந்தும் ஊறிக்கிட்டு இருக்காம். உங்கள ஆட்டி வைக்கச் சொன்னாக."

லைன் வீட்டுக்கு ஆட்டுக்கல் பொது. வாசலுக்கு நடுவில் கிடந்தது. அதைச் சுற்றி ஆறு வீடு. ஆறு வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

ஆறுச்சாமி ஆறு கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"செல்லத்தாயி, அவ அதை ரிக்வெஸ்ட்டாச் சொன்னாளா, ஆர்டராச் சொன்னாளா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. உளுந்தை முதல்ல ஆட்டச் சொன்னாக."