அணையை நான் நகரவிடாமல் நிறுத்திய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டில் அவளும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவும் சௌகரியமாக இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக. எதற்கு நன்றி என்று கேட்பீர்கள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, எங்கள் மகளுக்குக் கொடுத்தீர்களே, அதற்கு. கல்யாணத்தன்றே சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு விவரம் போதவில்லை. நான் அணையை உடைக்கப் பார்த்தேன் என்று யாராவது உங்கள் காதில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். நான் அதை நகரவிடாமல் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

போன மாதம் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தோமல்லவா, மூன்றாம் நாள் மாப்பிள்ளை தான் வேலை பார்க்கும் அணைக்குள் என்னைக் கூட்டிப் போனார். அணையின் மேலே இல்லை, உள்ளே! வில்லாக வளைந்த அந்தக் கான்கிரீட் சுவரின் வயிற்றுக்குள் ஒரு நடைவழி ஓடுகிறது. வெளியே வெயில் கொளுத்த, அங்கே சுவரெல்லாம் வியர்த்துச் சில்லென்று இருக்கிறது. அதன் கோடியில், அணையின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் கம்பி தொங்குகிறது. கம்பியின் நுனியில் பெரிய எடைக்கல். அது ஊசலாடாமல் இருக்க ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கி நிற்கிறது. நீர்மட்டம் ஏறினால் அணையின் தலை துளி முன்னால் சாயுமாம், இறங்கினால் திரும்புமாம், எவ்வளவு என்பதைக் கம்பி காட்டிக்கொடுக்க, பக்கத்திலுள்ள கருவி அளந்து சொல்லிவிடுமாம்.

“என்ன மாப்பிள்ளை, அணை நகருதா? கீழ அவ்வளவு வீடு இருக்கே!”

“நகரணும் மாமா. நகராம நின்னாத்தான் நான் பயப்படுவேன்.”

அந்த நேரம் பார்த்து நடைவழித் தொலைபேசி அடித்தது. அவர் பேசப் போனார். தொட்டி திறந்தே கிடந்தது. எண்ணெய் மட்டம் பார்க்க அவர் கழற்றிவைத்த மூடி, இரண்டு பாதியாகச் சுவரோரம் சாய்ந்திருந்தது. சம்பந்தி, நான் முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்தவன். திறந்த பாத்திரத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இரண்டு பாதியையும் கம்பியைச் சுற்றிப் பொருத்தினேன். நடுவில் கம்பிக்கென்று விட்டிருந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. தூசி விழுமே என்று என் கைக்குட்டையை மடித்து அதில் நன்றாகத் திணித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பி வந்தேன். மாப்பிள்ளையும் போன் பேசிய யோசனையிலேயே வந்துவிட்டார்.

அடுத்த நாளே மலையில் மழை பிடித்து, மூன்று நாளில் நீர்மட்டம் நாலு மீட்டர் ஏறியது. மாப்பிள்ளை நாலு வருஷமாகக் கணினியில் அந்த அணையைப் பல்லாயிரம் சின்னக் கட்டிகளாகப் பிரித்துக் கட்டிவைத்திருக்கிறார். இவ்வளவு தண்ணீர், இவ்வளவு வெயில் என்று சொன்னால், இவ்வளவு நகரும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஐந்து மில்லிமீட்டர் என்றது. கம்பியோ பூஜ்யம் என்றது. மாப்பிள்ளையின் கணக்கைப் பரிசோதிக்க மூன்று பேர் கமிட்டியும் அதே வாரம் வந்து இறங்கியிருந்தது. கருவியைச் சோதித்தார்கள், ஒயரைச் சோதித்தார்கள். தொட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை, மூடி அவ்வளவு ஒழுங்காக மூடியிருந்தது! கம்பிக்குத் தக்கபடி கணக்கை மாற்றிவிடு, இல்லையென்றால் நாலு வருஷ வேலையைத் தள்ளிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்திட்டாத்தான் என்னங்க?” என்றாள் மகள்.

“கான்கிரீட்டை இரும்பாக்கினாத்தான் பூஜ்யம் வரும். கம்பியை ஏதோ ஒண்ணு பிடிச்சிட்டிருக்கு. என்னன்னுதான் தெரியல.”

எனக்குச் சட்டென்று என் கைக்குட்டை நினைவுக்கு வந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, நீங்க எதையும் தொடலையே?” சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என்னைத் தெரியும். “எண்ணெயைத் தொடலம்மா” என்றேன். பொய்யில்லை, பாருங்கள்.

காலையில் நேராகக் கமிட்டி அறைக்குள் போய் நின்றேன். “யாரு நீங்க?” என்றார் தலைவர். “மாமனார்” என்றேன். வேறென்ன சொல்ல? கைக்குட்டை விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். எல்லோரும் கீழே ஓடினோம். கைக்குட்டையை உருவியதும் கம்பி மெல்ல அசைந்து, ஆடி, ஓய்ந்தது. நாலே முக்கால் மில்லிமீட்டர்!

“வெளியாளை இங்க விட்டது யாரு?” என்று தலைவர் அதட்டினார். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் பிள்ளை சொன்னார்: “நான்தான் சார். மூடியைக் கழட்டிப்போட்டு மறந்ததும் நான்தான். அவர் மேல தப்பில்ல.”

தலைவர் கைக்குட்டையை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு, “மூணு நாளா கருவி பொய் சொல்லுதுன்னு உங்க கணக்கு சொல்லியிருக்கு, நாங்கதான் கேக்கல” என்று சொல்லி, மாப்பிள்ளையின் கணக்கு சரி என்று அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை என் மகளிடம் சொன்னது ஒரே வரி: “கம்பி சிக்கியிருந்தது, எடுத்துட்டோம்.” என் மானத்தைக் காப்பாற்றிய அந்த ஒரு வரிக்காக, சம்பந்தி, உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன். இனி எந்த அணைப் பக்கமும் தலைவைத்துப் படுக்கமாட்டேன், மூடியில்லாத எதையும் தொடமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் குடும்பம் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கமிட்டித் தலைவர் போன் செய்தார். இன்னும் இரண்டு அணைகளில் இதே மாதிரிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம். நான் பார்வையாளன் போல உள்ளே போய், யாரிடமும் சொல்லாமல், எதையாவது மூடிவிட்டு வர வேண்டுமாம். கணக்கு கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். புதன்கிழமை கிளம்புகிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.