நிலவறையில் நான் மட்டும்தான் பேசுவேன்

அந்த வருஷம் நான் ஒரு சபதம் எடுத்தேன். தேர்வுக் குழு என் நிலவறைக்குள் இறங்கி மேலே ஏறும் வரை, அங்கே ஒலிக்கும் குரல் என் குரலாக மட்டுமே இருக்க வேண்டும். என் மனைவி பொர்பாலா வாயைத் திறக்கக் கூடாது. அவள் வாய் திறந்தால் என் வாய்ப்பு மூடிக்கொள்கிறது. இது அனுபவத்தில் கண்ட உண்மை.

எங்கள் தொக்காய் மலைப் பக்கத்தில் ஒருவனுடைய உயரத்தை அளக்க ஒரே கோல்தான் உண்டு. அறுவடைத் திருவிழாவின் முதல் கோப்பையில் யாருடைய ஒயின்? மேயர் பதவி, பாதிரியார் பதவி எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஊர்ச் சங்கம் வருஷா வருஷம் வெளியூரிலிருந்து புதுப் புது ஆட்களாக, நாக்கு நயமுள்ளவர்களை அழைத்து வரும். அவர்கள் ஒவ்வொரு நிலவறையாக இறங்கி, ருசி பார்த்து, ஒரு பெயரைச் சொல்வார்கள். வழக்கமாக என் பக்கத்து நிலவறைக்காரன் லோரான்ட் பெயரைச் சொல்வார்கள்.

லோரான்ட் எனக்குச் சகலை. சகலமும் தெரிந்தவன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. எங்கள் மாமனார் தன்னுடைய பெரிய நிலவறைக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பிக் கதவைப் போட்டு, ஆளுக்குப் பாதியாக இரண்டு மகள்களுக்கும் கொடுத்துவிட்டார். அப்படி வந்ததுதான் 'என் நிலவறை'. இந்த விவரத்தை நான் அதிகம் வெளியில் சொல்வதில்லை. பொர்பாலா சொல்வாள்.

அதற்கு முந்தின வருஷம் அதுதான் நடந்தது. கையில் மெழுகுவர்த்தி, எதிரில் குழு, தொண்டையில் உணர்ச்சி. "துருக்கிப் படை வந்தப்போ எங்க முப்பாட்டனார் இதே இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு, ஒரு சொட்டு ஒயினைக்கூட எதிரிக்கு விடாம..." என்று நான் உச்சத்தைத் தொட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரு எங்க அப்பா வீட்டு ஆளு. உன் வம்சம் அப்போ சமவெளியில வாத்து மேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு."

குழு சிரித்தது. சிரித்துக்கொண்டே லோரான்ட் பக்கம் போய்விட்டது.

ஆகவே சபதம். ஒரு நாள் காலை, அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன். கை மாவில் இருந்தால் தூக்கி எறிய எதுவும் கிடைக்காது.

"பொர்பாலா, இந்த வருஷம் குழு வர்றப்போ நீ நம்ம நிலவறையில காலே வைக்கக் கூடாது."

"சரி."

நான் ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். அத்தனை வசனமும் வீண்.

"வாயையும் திறக்கக் கூடாது. குழு முடிவைச் சொல்ற வரைக்கும்."

"சரி."

"ஒரு வார்த்தைகூட."

"'ஐயோ'ன்னா? அது வார்த்தையில சேர்த்தியா?"

"சேர்த்தி."

"தும்மல்?"

கொஞ்சம் யோசித்தேன். "தும்மிக்கலாம்."

"ரொம்பப் பெரிய மனசு உனக்கு. சரி, ஆனா நான் இல்லாத இடத்துல என் பீப்பாயும் இருக்காது. அதைக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கித்தாகிட்ட உருட்டி விட்டுடு."

கித்தா அவளுடைய தங்கை. லோரான்ட்டின் மனைவி.

அந்தப் பீப்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச் சரிவின் உச்சியில் கொஞ்சம் திராட்சைக் கொடிகள் பொர்பாலாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை. முந்தின இலையுதிர் காலத்தில் மேகம் கறுத்தபோது எல்லாவற்றையும் பறித்துவிடலாம் என்றேன். அவள் அந்த வரிசைக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டு, "இதுல கை வச்சா விரலை எண்ணிப் பார்த்துக்க" என்றாள். பழம் கொடியிலேயே சுருங்கியது. பூசணம் பூத்தது; அப்போதுதான் ஒயின் இனிக்குமாம். பனி விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி எடுத்து, ஒரு சின்னப் பீப்பாயை நிரப்பினாள். நான் அதற்கு 'ஊறுகாய் ஜாடி' என்று பெயர் வைத்தேன். அதை ஒரு சொட்டுகூட ருசி பார்க்கவில்லை. கொள்கை.

கொள்கையை நானே உருட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. லோரான்ட் அந்தப் பக்கத்திலிருந்து கம்பிக் கதவைத் திறந்துவிட்டு இளித்தான்.

"என்ன சகலை, சீர்வரிசை திரும்பி வருதா?"

"சிரி சகலை, சிரி. நீ சிரிக்கிறது இதுதான் கடைசி வருஷம்."

அதை உள்ளே வரை தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். பொர்பாலா தடுத்தாள். "கதவு ஓரமே போதும் அம்ப்ருஷ். உன் இடுப்பு முக்கியம்."

என்ன கரிசனம்! அன்று முழுக்க நான் உருகிக்கொண்டிருந்தேன்.

குழு வந்தது. தலைவி ஹெர்மினா அம்மா புடாபெஸ்ட்காரர். ஆண்கள் போடும் தொப்பி, கட்டையான நரைமுடி, பொய்யைத் தொலைவிலேயே பிடிக்கும் கண்கள். கூடவே ஒட்மார் என்று ஒருவர். ஆளைவிட மூக்கு முன்னால் வரும். அந்த மூக்கைக் கேட்டுத்தான் தலைவியே முடிவு சொல்வார் என்று ஊரில் பேச்சு.

படியில் இறங்கினோம். குளிர் வந்து முகத்தில் அப்பியது. மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தேன். சுவரெல்லாம் கரும்பட்டு விரித்த மாதிரி பூசணம். "தொட்டுப் பாருங்க அம்மா. மத்த வீட்டுல பூசணம்னா அழுக்கு. எங்க நிலவறைக்குப் பூசணம்தான் பூஷணம்" என்றேன். ஹெர்மினா அம்மா விரலால் தடவிப் பார்த்துப் புன்னகைத்தார். நான் வளர்ந்தேன். தலை கூரையில் இடித்தது. நிஜமாகவே இடித்தது, அங்கே கூரை தாழ்வு.

துருக்கிப் படையை மறுபடி வரவழைத்தேன். முப்பாட்டனாரைக் கொண்டு விரட்டியடித்தேன். மறுப்புச் சொல்ல ஆள் இல்லை. என் குரல் வளைவுகளில் முட்டி என்னிடமே திரும்பி வந்தது. கேட்கக் கேட்க எனக்கே பிடித்திருந்தது. கண்ணாடிக் குழலால் பீப்பாயிலிருந்து ஒயினை உறிஞ்சி எடுத்துக் கோப்பையில் விட்டேன். இருவரும் ருசித்தார்கள்.

"நல்லா இருக்கு. உண்மையாவே நல்லா இருக்கு" என்றார் ஹெர்மினா அம்மா.

முதல் கோப்பை என் உதட்டுக்கு அருகில் வந்துவிட்டது. அப்போது ஒட்மாரின் மூக்கு மேலே எழும்பியது.

"வாத்துக் கொழுப்பு" என்றார். "சூடா."

மூக்கு முன்னால் போனது. ஒட்மார் அதன் பின்னால் போனார். தலைவி அவர் பின்னால் போனார். நான் எல்லாருக்கும் பின்னால் ஓடினேன்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மேஜை. வெள்ளை விரிப்பு. மெழுகுவர்த்தி. வாத்துக் கொழுப்பு வறுவல் வைத்துச் சுட்ட பொகாச்சா ரொட்டிகள், ஆவி பறக்க. பக்கத்தில் அந்த 'ஊறுகாய் ஜாடி'ப் பீப்பாய். அதன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் பொர்பாலா. கால் லோரான்ட் எல்லைக்குள். வாய் இறுக மூடியிருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை.

"வணக்கம்மா. இது உங்க ஒயினா?" என்றார் ஹெர்மினா அம்மா.

பொர்பாலா தலையசைத்தாள்.

"எந்தச் சரிவுல விளைஞ்சது?"

கையை உயரத் தூக்கி உச்சியைக் காட்டினாள்.

"ஏம்மா, பேச மாட்டீங்களா?"

பொர்பாலா என்னைப் பார்த்தாள். 'நீயே சொல்லு' என்ற பார்வை. என்ன சொல்வது? நான்தான் பூட்டுப் போட்டேன் என்றா? அந்தத் தொப்பிக்காரம்மா என்னை அந்தக் கம்பியிலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

"அவளுக்குப் பேச்சு வராதுங்க" என்றேன்.

"அடடா! பிறவியிலேயா?"

"இல்லைங்க. கல்யாணத்துக்கு அப்புறம்."

ஹெர்மினா அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புரியுது" என்றார். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் லோரான்ட் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் இருமினான். அது இருமல் இல்லை.

"நீங்க வீட்டுக்காரர்தானே? அவங்க சைகை உங்களுக்குப் புரியுமே. எங்களுக்குச் சொல்லுங்க."

கம்பி வழியாகக் கோப்பைகள் வந்தன. எனக்கும் ஒன்று. மறுக்க வழியில்லை. முதல் தடவையாக ஊறுகாய் ஜாடியை ருசித்தேன்.

சொல்லத்தான் வேண்டும். தேன் மாதிரி வந்து, தேன் மாதிரி ஒட்டிக்கொள்ளாமல், பனிக் காற்று மாதிரி சுத்தமாகப் போனது. போனபின்னும் போகவில்லை. மூக்கர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். அவர் ருசியில். நான் வெட்கத்தில்.

பொர்பாலா சைகையை ஆரம்பித்தாள். விரல்களை ஆட்டி மேகம் காட்டினாள். அப்புறம் இரண்டு கையையும் உதறி, கண்ணை உருட்டி, வாயைத் திறக்காமலே ஒரு பெரிய கூச்சல் போடுகிற மாதிரி காட்டினாள்.

"அது என்ன?" என்றார் தலைவி.

"அது... இடிங்க. இடி, மழை."

பொர்பாலா தலையை ஆட்டி மறுத்தாள். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அது நான்தாங்க" என்றேன்.

அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. அவள் இரண்டு விரலால் கத்தரிக்கோல் காட்டினாள். என்னை எதிர்த்து நின்றதைச் சொன்னேன். குளிரில் கைகளைத் தேய்த்தாள். பனியில் அவள் தனியாகப் போய்க் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன். விரல் நுனியால் கிள்ளிக் காட்டினாள். உதவிக்குக்கூட ஆள் இல்லாமல் பழம் பழமாகப் பொறுக்கியதைச் சொன்னேன். "நான் எல்லாத்தையும் பறிச்சு இடத்தைக் காலி பண்ணுன்னு குதிச்சேன். இவ நின்னா. இந்த மலையில அந்தப் பனியைப் பார்த்துப் பயப்படாதவ இவ ஒருத்திதாங்க." என் குரல் எங்கேயோ தழுதழுத்தது. துருக்கியர் கதைக்குக்கூட அப்படி ஆனதில்லை. போட்டி மறந்துவிட்டது. இவள் என் மனைவி என்று அந்த நிலவறை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

ஹெர்மினா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கர் இன்னொரு பொகாச்சா எடுத்துக்கொண்டார்.

திருவிழா அன்று சதுக்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஹெர்மினா அம்மா பெயரை வாசித்தார். பொர்பாலா. ஊரே கைதட்டியது. அவள் மேடை ஏறி முதல் கோப்பையை வாங்கினாள். "இவங்களுக்காக இவங்க வீட்டுக்காரர் பேசுவார்" என்றார் ஹெர்மினா அம்மா. நானும் ஏறினேன். தொண்டையைச் செருமினேன்.

பொர்பாலா ஒரு வாய் குடித்துவிட்டு, என் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "ரொம்ப நாளா பேச ஆசை..."

ஹெர்மினா அம்மாவின் தொப்பி நழுவியது. "என்னங்க இது? பேச்சு வராதுன்னு சொன்னீங்களே!"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. சதுக்கத்துக்குக் கீழேயும் ஒரு நிலவறை இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். பொர்பாலா சட்டென்று திரும்பினாள்.

"அவரு சொன்னது சரிதாம்மா. இப்பதான் வந்துச்சு. ஒரு வாய் குடிச்சேன், வாய் திறந்துக்கிச்சு. அவ்வளவு நல்ல ஒயினு!"

பாதிரியார் உட்பட ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஹெர்மினா அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு பொர்பாலா பேசினாள். தன் அப்பாவைப் பற்றி, கொடிகளைப் பற்றி, பனியைப் பற்றி. என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை: "அம்ப்ருஷ் இல்லைன்னா இந்த ஒயினே இல்லை. அவரு வேண்டாம்னதாலதான் நான் பிடிவாதமா செஞ்சேன்." பாராட்டா, குத்தலா, தெரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் கை சிவக்கத் தட்டியவன் நான்தான். லோரான்ட்டைக் கேளுங்கள், சாட்சி சொல்வான். அவன் முகம் அன்று புளித்த ஒயின்.

இப்போது வெளியூர்க்காரர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஊறுகாய் ஜாடி திரும்பி வந்துவிட்டது. படி இறங்கியதும் முதல் இடம் அதற்குத்தான். என் பீப்பாய்கள் உள்ளே தள்ளிப் போய்விட்டன. எல்லாவற்றையும் உருட்டியது நான்தான். போன வாரம் வாசலில் புதுப் பலகை மாட்டினோம். 'பொர்பாலாவின் நிலவறை' என்று பெரிய எழுத்தில், தங்க வண்ணத்தில். ஊரிலேயே அழகான பலகை. நானே ஏணியில் ஏறி மாட்டினேன். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினேன்.

கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'உள்ளே சுற்றிக் காட்ட ஆள் உண்டு.'

அந்த ஆள் நான்தான்.