ஏழாம் நம்பர் தலைமுடி

ஊரைத் திருத்தினாலும் திருத்தட்டும், தன்னை மட்டும் மனைவி திருத்த விடுவதில்லை என்று சலூன்காரர் தீர்மானம் செய்தார். தீர்மானம் செய்த இடம் அவருடைய சலூன். செய்த நேரம், மனைவி அந்தப் பக்கமே இல்லாத நேரம். அதனால் ஏகமனதாக நிறைவேறியது. சைக்கிள் கடைக்காரர் மட்டும் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்பதால் அவரும் ஆதரித்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

தகராறு மீனைப் பற்றியது. சலூன்காரருக்குத் தொழில் கத்தரி, உயிர் தூண்டில். கடை விடுமுறை என்றால் ஆளை ஏரிக்கரையில்தான் பார்க்கலாம். கையகல மீன் மாட்டினால் மானம் போய்விட்டதாக நினைத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அவர் குறியெல்லாம் கிழட்டு வாளையும் கை நீள விராலும்தான். சலூன் கண்ணாடிக்கு மேலே கல்யாணப் படத்தை மாட்டத் தோன்றாதவர், ஒரு வாளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். படத்தில் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

அவர் மனைவிக்குச் சுகாதார அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய்ப் படியேறி, மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். மலைப்பக்கத்துப் பழைய சுரங்கத்திலிருந்து பாதரசம் ஏரியில் இறங்கியிருக்கிறது. சின்ன மீனைத் தின்று தின்று பல வருஷம் வாழ்ந்த பெரிய மீன்களின் சதையில் அது சேர்ந்து கிடக்கிறது. கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. மீனே வேண்டாம் என்றில்லை. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைச் சாப்பிடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் அவருக்குப் 'பாதரச அக்கா' என்று பெயர் வந்துவிட்டது.

அக்கா ஒரு வீட்டில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவதற்குள் அந்த வீட்டுக்காரர் சலூனில் வந்து உட்கார்ந்திருப்பார். அக்கா தலையில் ஏற்றியதைச் சலூன்காரர் முடியோடு சேர்த்து இறக்கிவிடுவார்.

"பாதரசமாம்! கண்ணால பாத்தியா நீ?"

"இல்லண்ணே. ஆனா டாக்டரம்மா பெரிய மீனா வாங்கி ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்களாம்."

"இந்த ஏரியில என்னைத் தவிர எவன்யா பெரிய மீன் பிடிக்கிறான்? யாருகிட்ட வாங்கினாங்களாம்? சும்மா காதுல பூ சுத்துறாங்க. தலையைக் குனி."

இந்த வீரமெல்லாம் சலூன் வாசல்படி வரைக்கும்தான். வீட்டில் கதையே வேறு. ஊர்த் தலைகளையெல்லாம் குனிய வைக்கிற சலூன்காரர், தன் தலையை மட்டும் மனைவியிடம்தான் கொடுப்பார். மாதம் ஒருமுறை, கொல்லைப்புறத்தில் ஒரு முக்காலி, கழுத்தில் பழைய துண்டு, பின்னால் கத்தரியோடு அக்கா. அந்த நிலைமையில் ஒரு மனிதன் என்ன எதிர்ப்பைக் காட்ட முடியும்?

"பெரிய மீனைத் தொடுறதில்லைல்ல?"

"சேச்சே. பிடிக்கிறதோட சரி. தண்ணியிலேயே விட்டுடறேன்."

"சத்தியமா?"

"நம்ம பொண்ணு மேல சத்தியமா!"

சத்தியம் செய்த வாய் அன்று மத்தியானமே சைக்கிள் கடையின் பின்கட்டில் வாளை வறுவலை மென்றுகொண்டிருந்தது. டியூப் ஒட்டும் மேஜைமேல் ஸ்டவ்வை வைத்து இரண்டு பேரும் வாரா வாரம் விருந்து நடத்தினார்கள். அதில் நடுத்துண்டு மட்டும் அவர்கள் வாய்க்குப் போகாது. அதைக் கழுவி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, சவரப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு சலூன்காரர் மகள் வீட்டுக்கு நடப்பார். இரண்டு தெரு தள்ளி இருந்தாள் மகள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். மகள் என்றால் அவருக்கு உயிர். அவள் வயிற்றில் இருப்பது உயிருக்கும் மேலே.

"சத்துள்ள மீனும்மா. அம்மாகிட்ட மூச்சு விடாத."

"சரிப்பா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலை அக்கா கண்ணாடி முன்னால் நின்று கூட்டத்தில் பேசப்போவதை ஒத்திகை பார்த்தார். சலூன்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவி பேச ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்ளும் பயிற்சி அவருக்கு நிறைய உண்டு. அன்று பார்த்துக் கொஞ்சம் அசந்துவிட்டார்.

"தாய்மார்களே! பெரிய மீனைச் சாப்பிட்டா உங்களுக்கு வர்ற கெடுதலைவிட, உங்க வயித்துல வளர்ற குழந்தையோட மூளைக்குத்தான் கெடுதல் அதிகம்..."

டீ தொண்டையில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. 

"யா... யாரோட மூளைக்கு?"

"குழந்தையோட மூளைக்கு. எத்தனை மாசமா கத்திக்கிட்டிருக்கேன், இப்பதான் காது கேக்குதா?"

"இல்ல... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராச்சும் தெரியாம சாப்பிட்டிருந்தா?"

"யாரு?"

"யாராச்சும். கடைக்கு வர்ற ஆளோட பொண்ணு."

"பயப்படாம முடியைக் குடுத்துச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உடம்புல எவ்வளவு சேந்திருக்குன்னு முடியே சொல்லிடும்."

"அப்ப நம்ம பொண்ணுக்கும் ஒருவாட்டி பாத்துடேன்!"

"அவளுக்கு எதுக்கு? அவதான் பெரிய மீனைத் தொடுறதே இல்லையே" என்றார் அக்கா, கொண்டையைச் செருகிக்கொண்டே.

சலூன்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். மகள் தலையில் அடித்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். படத்தில் இருந்த வாளையும் இப்படித்தான் திறந்து வைத்திருந்தது.

கடையைத் திறக்காமல் நேராக மகள் வீட்டுக்கு ஓடினார்.

"அம்மாடி, நான் குடுத்த மீனையெல்லாம் சாப்பிட்டியா?"

"ம். ரொம்ப ருசியா இருந்துச்சுப்பா."

"எல்லாத்தையுமா? பூனைக்குக் கொஞ்சம்கூடப் போடலையா?"

"நம்ம வீட்டுல பூனையே இல்லையேப்பா."

கடைசி நம்பிக்கையும் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அவர் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. தொழில் தெரிந்தவரின் திட்டம். "முடி நுனியெல்லாம் பிளந்து கிடக்கு, திரும்பு" என்று மகளைத் திருப்பி உட்காரவைத்து, பின்மண்டையில், வேரோடு ஒட்டி, யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து ஒரு சின்னக் கொத்தை நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைக்கு வந்து அதைத் தன் முடி நீளத்துக்குக் கச்சிதமாக வெட்டினார். நூல் சுற்றினார். மகள் முடியைத் தன் முடியென்று கொடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அளவு குறைவென்றால் நிம்மதி. அதிகமென்றால்... அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் மாதாந்திர முடிவெட்டு. கழுத்தில் இருந்த துண்டோடு எழுந்தவர், பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தா. என் முடி. கடையிலேயே எடுத்துட்டேன். சோதனைக்கு அனுப்பு."

அக்கா மயக்கம் போடாத குறை. "நீங்களா? நீங்களா குடுக்கறீங்க?"

"ஊருக்கு முன்மாதிரியா இருக்க வேண்டாமா?"

அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடியும் பொட்டலத்தைப் பார்த்தார். "சரிங்க. உங்க நம்பர் ஏழு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தரையில் கிடந்த முடியைக் கூட்டப் போய்விட்டார்.

முடிவு வரும்வரை சலூன்காரர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டார். தபால்காரர் மீசையை ஒதுக்கிவிடச் சொன்னால் ஒரு பக்கத்தை மழித்துவிட்டு, "எங்கண்ணே இன்னொண்ணு?" என்று அவரையே கேட்டார். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் தெருவில் கணக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனால் இவருக்குக் கண் கலங்கியது. பேரனோ பேத்தியோ, ஒழுங்காக வாய்ப்பாடு சொல்ல வேண்டுமே!

முடிவைச் சொல்கிற நாள் வந்தது. ஊர்ப் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கூட்டம், அக்காவைச் சலூன்காரர் மடக்கிப் பேசுவார், வேடிக்கை பார்க்கலாம் என்று வந்த கூட்டம். முன்வரிசையில் மகள். அவள் பக்கம் திரும்பவே சலூன்காரருக்குத் தைரியம் இல்லை. அக்கா மேடை ஓரத்தில் நின்றார். டாக்டரம்மா சின்னப் பெண், கண்ணாடி போட்டவர், எழுந்து மைக்கைத் தட்டினார்.

"பேர் சொல்ல மாட்டோம், நம்பர்தான். முடி குடுத்தவங்கள்ல நிறைய பேருக்குப் பரவாயில்ல. ஆனா ஏழாம் நம்பர்..." என்று நிறுத்தினார். "நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இவ்வளவு அளவைப் பாத்ததே இல்ல."

 சலூன்காரர் பேயறைந்தவர் போல எழுந்து நின்றார். தானாக எழுந்தாரா, யாராவது தூக்கி நிறுத்தினார்களா என்பது அவருக்கே தெரியாது.

"டாக்டரம்மா! ஏழு நான்தான்! ஆனா முடி என்னுது இல்ல. என் பொண்ணோடது!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் முட்டி போட்டுத் தரையில் விழுந்தார்.

"வயித்துப்பிள்ளைக்காரிக்கு என் கையாலயே குடுத்துட்டேனே! இவ சொல்லச் சொல்லக் கேக்காம, டப்பா டப்பாவா குடுத்துட்டேனே! சலூன்ல நான் பேசினதெல்லாம் வெறும் வாய்ஜம்பம்யா. நம்பாதீங்க. உங்க வீட்டுல முழுகாம இருக்கிற பொண்ணுங்க இருக்கு, கைக்குழந்தை இருக்கு. அந்தப் பெரிய மீன் வேண்டாம், வேண்டவே வேண்டாம்!"

அழுதார். குரல் உடைந்து, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதார். பின்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தபால்காரர் மீசை இருந்த பக்கத்தைத் தடவிக்கொண்டே விம்மினார்.

மகள் எழுந்து ஓடி வந்தாள். "அப்பா, அழாதீங்க! நான் ஒரு துண்டுகூட வாயில வைக்கல!"

அழுகை பாதியில் நின்றது. "என்னது? ருசியா இருந்துச்சுன்னியே!"

"ஆசையா கொண்டு வந்தீங்க. வேண்டாம்னு எப்படிப்பா சொல்றது? நீங்க தெருமுனை திரும்பினதும் அம்மா வந்து டப்பாவை எடுத்துட்டுப் போயிடுவாங்க."

சலூன்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"எடுத்துட்டுப் போய்?"

"டாக்டரம்மாகிட்ட குடுத்தேன்" என்றார் அக்கா. "ஆராய்ச்சிக்குப் பெரிய மீன் கிடைக்காம தவிச்சாங்க. இந்த ஏரியில உங்களை விட்டா வேற யாரு பிடிக்கிறா?"

"ரொம்ப நன்றி சார்" என்றார் டாக்டரம்மா மைக்கிலேயே. "நல்லாக் கழுவிக் குடுத்திருந்தீங்க."

"அப்ப முடி? அவ சாப்பிடலன்னா அவ முடியில எப்படி..."

"அது உங்க முடிங்க. நீங்க குடுத்த பொட்டலத்துல மொத்தமும் கன்னங்கரேல்னு இருந்துச்சு. நீளம் பாத்து வெட்டினீங்க, நூல் சுத்தினீங்க. உங்க தலை நரைச்சுப் போயிருக்குன்னு உங்களுக்கு ஞாபகமே வரல. அன்னிக்கு நான் வெட்டினதுலேர்ந்து ஒரு கொத்து எடுத்து அனுப்பிட்டேன்."

சலூன்காரருக்கு முதலில் மகள் தப்பித்தாள் என்பது மட்டும்தான் உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரனோ பேத்தியோ வாய்ப்பாடு சொல்வது காதில் கேட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதும் உறைத்தது.

"அப்ப... பாத்ததே இல்லன்னு சொன்ன அளவு... எனக்கா?"

பின்னாலிருந்து ஒரு நாற்காலி விழுகிற சத்தம். சைக்கிள் கடைக்காரர் தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா! அவருக்கு அவ்வளவுன்னா, எனக்கு?"

"ரெண்டு பேரும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. பெரிய மீனை நிறுத்தினா மாசக்கணக்குல மெல்ல மெல்ல இறங்கிடும்" என்றார் டாக்டரம்மா.

அதற்குள் கூட்டம் எழுந்து மேடையை மொய்த்தது. மாதக்கணக்கில் படியேறிச் சொல்லியும் அசையாத ஜனம், இப்போது "எனக்கும் ஒரு கொத்து வெட்டுங்க அக்கா", "என் மருமகளுக்கும் பாருங்க" என்று தலையைத் தலையை நீட்டியது. அக்கா அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். தரையில் முட்டி போட்டிருந்த கணவரைப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்து, பல வருஷமாக அவர் கேட்டிராத அத்தனை கனிவோடு தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்த சலூன்காரர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் கிழக்குத் தெருவுல கூட்டம் இருக்குங்க. கடையைச் சீக்கிரம் சாத்திட்டு வந்துடுங்க, இதே மாதிரி அழணும். துண்டு மட்டும் வேண்டாம், துடைச்சுட்டா பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது."